பட்டாயாவில் வீடு வாங்கலாம்... பட்டா யார் பேரில் வரும்? தாய்லாந்தில் செட்டிலாகும் ரிட்டையர்டு வெளிநாட்டினர் சிக்குவது எங்கே?

சென்னையில் விமானம் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் பாங்காக். நம்மூர்க்காரர்களுக்கு பட்டாயா என்றால் நாலு நாள் டூர், நிறைய செல்ஃபி, திரும்பி வந்து ரெண்டு மாசம் அதே பேச்சு. ஆனால் பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல நாடுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், "மிச்ச வாழ்க்கை இங்கேதான்" என்று மூட்டை முடிச்சோடு அங்கே போய் இறங்குகிறார்கள். பட்டாயா, ஹுவா ஹின், சியாங் மாய், புக்கெட் என்று எங்கே பார்த்தாலும் இவர்கள்தான்.

காரணம் எளிது. குளிர் இல்லை. செலவு குறைவு. நல்ல தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. சொந்த ஊரில் வீட்டை விற்ற பணத்தில் இங்கே கடல் தெரியும் வீடே வாங்கிவிடலாம்.

வாங்கலாம்தான். ஆனால் எதை வாங்குகிறோம், எத்தனை நாளைக்கு வாங்குகிறோம் என்பதில்தான் சிக்கலே. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், வயது 58. கையில் வீடு விற்ற பணம் இருக்கிறது. மனைவியோடு ஹுவா ஹின் வந்துவிட்டார். இனி அவர் பின்னாடியே போவோம்.

மண் மட்டும் கிடையாது

நம்மூரில் மனை பார்க்கப் போனால் முதல் கேள்வி, "பட்டா யார் பேர்ல இருக்கு?" தாய்லாந்தில் அந்த இடத்தில் இருக்கும் ஆவணத்தின் பெயர் சனோட். அரசு முத்திரையாக மேலே கருடன் படம் இருக்கும். நம் பஸ் டிரைவர் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் சாதாரணமாக அந்த சனோட்டில் அவர் பெயர் ஏறாது. வெளிநாட்டவர் தன் பெயரில் நிலம் வைத்துக்கொள்ள அந்நாட்டு நிலச் சட்டம் அனுமதிப்பதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. குறிப்பிட்ட துறைகளில் 4 கோடி பாட் முதலீடு செய்தால், அமைச்சர் அனுமதியோடு ஒரு 'ராய்' வரை வீட்டுக்காக வாங்கலாம். ஒரு ராய் என்பது 1,600 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 40 சென்ட். பென்ஷன்காரருக்கு இது ஆகிற காரியமா? விடுங்கள், அடுத்து போவோம்.

ஃப்ளாட் ஓகே... ஆனால் 49க்குள்

அடுக்குமாடி வீடு வாங்கத் தடை இல்லை. சொந்தப் பெயரிலேயே, காலக்கெடு இல்லாத முழு உரிமையோடு வாங்கலாம். ஆனால் ஒரு கட்டடத்தில் விற்பனைக்குள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்க முடியும். அந்த ஒதுக்கீடு நிரம்பிவிட்டால், மிச்ச வீடுகள் எத்தனை காலியாகக் கிடந்தாலும் அவர் பெயரில் பதிவாகாது. கடலோரக் கட்டடங்களில் இந்த 49க்குத்தான் அடிதடி. அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, "வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் இந்த வீட்டுக்கு இடம் இருக்கா?" என்று கட்டட நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பதிவின்போது அந்த அலுவலகத்தின் சான்று கட்டாயம்.

இன்னொன்று, பணம் வரும் வழி. வீட்டுக்கான பணம் வெளிநாட்டிலிருந்து, வெளிநாட்டுக் கரன்சியாகவே தாய்லாந்துக்குள் வர வேண்டும். அங்குள்ள வங்கி அதை பாட்டாக மாற்றி, 'வீடு வாங்க வந்த பணம்' என்று சான்று தரும். நம்ம ஆள் விவரம் தெரியாமல் லண்டனிலேயே பவுண்டை பாட்டாக மாற்றி அனுப்பினால் போச்சு. அந்தச் சான்று இல்லையென்றால் நில அலுவலகத்தில் பதிவு நின்றுவிடும். பின்னாளில் வீட்டை விற்று பணத்தை ஊருக்கு எடுத்துப் போகும்போதும் இதே காகிதம்தான் கை கொடுக்கும். 15 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய காகிதம் இது.

30 வருஷம்... கேட்க நல்லாத்தான் இருக்கு

ஆனால் நம் ஆளின் மனைவிக்கு ஃப்ளாட் பிடிக்கவில்லை. தோட்டம் வேண்டும், நாய் வளர்க்க வேண்டும். தனி வீட்டுக்கு வழி, நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது. மேலே கட்டும் வீடு அவர் பெயரில் இருக்கலாம், கீழே இருக்கும் மண் வேறொருவருடையது. சட்டப்படி அதிகபட்சம் 30 ஆண்டுகள். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நில அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் முழுக் காலத்துக்கும் செல்லும்.

விளம்பரங்களில் "30+30+30, மொத்தம் 90 ஆண்டுகள்" என்று போடுவார்கள். பதிவாவது முதல் 30 மட்டும். அடுத்த 30 என்பது நில உரிமையாளர் கொடுக்கும் வாக்குறுதி, அவ்வளவுதான். அவர் இறந்துபோய், நிலம் பிள்ளைகள் கைக்குப் போனால் முதல் 30 ஆண்டுக் குத்தகைக்குப் பாதிப்பு இல்லை. ஆனால் அப்பா கொடுத்த வாக்கை நம்பி பிள்ளைகளிடம் அடுத்த 30ஐ வாங்கிவிட முடியாது.

இப்போது வயதுக் கணக்கைப் போடுங்கள். 58 வயதில் குத்தகை எடுத்தவருக்கு அது முடியும்போது வயது 88. புது வீடு தேடி அலையக் கொஞ்சமும் முடியாத வயது. கையில் இருப்பதோ மதிப்பு கரைந்துபோன ஒரு ஒப்பந்தம். 25 வருஷம் கழிந்த குத்தகையை, மிச்சம் இருக்கும் 5 வருஷத்துக்காக யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

2024இல் தாய்லாந்து அரசு குத்தகையை 99 ஆண்டுகளாக்குவது, ஃப்ளாட் ஒதுக்கீட்டை 75 சதவீதமாக உயர்த்துவது பற்றி ஆய்வு செய்யச் சொன்னது. "நாட்டையே விற்கப் போறீங்களா?" என்று உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. 'சீக்கிரமே 99 வருஷம் வந்துடும்' என்று தரகர் சொன்னால் அதை நம்பிப் பணம் கட்டக்கூடாது.

மனைவி பேரில், கம்பெனி பேரில்...

தாய்லாந்துப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டவர்கள் மனைவி பெயரில் நிலம் வாங்குகிறார்கள். இது சட்டப்படி சரிதான். ஆனால் பதிவு நாளன்று நில அலுவலகத்தில் கணவர் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். 'இந்த நிலம் வாங்கிய பணம் என் மனைவியின் தனிப்பணம், எனக்கு இதில் உரிமை இல்லை' என்பதுதான் சாரம். பணம் முழுக்க அவருடையதாக இருந்தாலும் சரி. அந்தக் காகிதம் தாய் மொழியில் இருக்கும். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டு, விவாகரத்து வரும்போது தலையில் கை வைக்கிறார்கள்.

இதற்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. அதே நிலத்தில் 'வாழ்நாள் வரை அனுபவிக்கும் உரிமை'யைக் கணவர் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். மண் மனைவியுடையது, ஆனால் கணவர் உயிரோடு இருக்கும்வரை அங்கே வாழலாம். நம்மூரில் பிள்ளைக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டு 'என் ஆயுள் வரை நானே அனுபவிப்பேன்' என்று பெரியவர்கள் எழுதிக்கொள்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் கணவன் மனைவிக்குள் செய்யும் ஒப்பந்தங்களைப் பின்னால் ரத்து செய்யவும் அந்நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வக்கீலைப் பார்க்காமல் இதில் இறங்கவே கூடாது.

கம்பெனி வழி இதைவிட மோசம். 51 சதவீதப் பங்கு தாய்லாந்துக்காரர்கள் பெயரில், மிச்சம் வெளிநாட்டவர் பெயரில் என்று கம்பெனி தொடங்கி, அந்தக் கம்பெனி பெயரில் நிலம் வாங்குவது. அந்த உள்ளூர்ப் பங்குதாரர்கள் வெறும் பினாமி என்றால் அது குற்றம். பினாமியாகப் பெயர் கொடுத்தவருக்கு 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம், நிலத்தையும் விற்றாக வேண்டும். புக்கெட், கோ சமுய் பக்கம் சமீப ஆண்டுகளில் இப்படிப்பட்ட கம்பெனிகளை அதிகாரிகள் துருவ ஆரம்பித்திருக்கிறார்கள். 'எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க' என்ற வசனம் அங்கேயும் ரொம்ப பிரபலம்.

வீடு இருக்கு, விசா இருக்கா?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். தாய்லாந்தில் ஃப்ளாட் வாங்கிவிட்டதால் மட்டும் அங்கே தங்கும் உரிமை வந்துவிடாது. வீடு வேறு, விசா வேறு.

ஓய்வுக்கால விசாவுக்கு வயது 50 ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் (நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கும் மேல்) போட்டு வைக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் நீட்டிக்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை 'இந்த முகவரியில்தான் இருக்கிறேன்' என்று தெரிவிக்க வேண்டும். பேத்தி கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதென்றாலும், திரும்பி வரும் அனுமதியை முன்கூட்டியே வாங்காமல் கிளம்பினால் விசா காலி. வேலை பார்க்கக் கூடாது.

2022இல் வசதியானவர்களுக்காக 10 ஆண்டு விசா ஒன்று வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 80,000 டாலர் இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக, 40,000 டாலருக்குக் குறையாமல் இருந்தால் இரண்டரை லட்சம் டாலர் முதலீடு காட்ட வேண்டும். நம் பஸ் டிரைவருக்கு எட்டாது.

பென்ஷன் ஏறாது

பிரிட்டன் அரசு பென்ஷனை ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தும். ஆனால் சில நாடுகளில் குடியிருப்பவர்களுக்கு அந்த உயர்வு கிடையாது. முதல் நாள் எவ்வளவோ, கடைசி நாளும் அவ்வளவே. தாய்லாந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவும்தான்! லண்டனில் ரிட்டையராகி கும்பகோணத்துக்கோ கோவைக்கோ திரும்புகிறவர்களுக்கும் இதே கதி.

போதாததற்கு கரன்சி அடி. 2006 வாக்கில் ஒரு பவுண்டுக்கு 70 பாட் அளவுக்குக் கிடைத்தது. அது பின்னால் 50க்குக் கீழே இறங்கிவிட்டது. 65,000 பாட் மாத வருமானம் காட்ட வேண்டிய ஒருவருக்கு இதன் அர்த்தம் என்ன? பென்ஷன் குறையவே இல்லை, ஆனால் விசாத் தகுதி போய்விடும். வீடு அப்படியே நிற்கும், வீட்டுக்காரர் கிளம்ப வேண்டியிருக்கும்.

வரி விஷயமும் மாறியிருக்கிறது. ஆண்டுக்கு 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் இருப்பவர்கள், 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டில் சம்பாதித்த வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது அங்கே வரிக் கணக்குக்குள் வரும். எந்த பென்ஷனுக்கு எங்கே வரி என்பதை இரு நாட்டு ஒப்பந்தம் தீர்மானிக்கும்.

அவருக்குப் பிறகு?

யாரும் பேச விரும்பாத பகுதி. ஆனால் வீடு வாங்கும்போதே பேசியாக வேண்டியதும் இதுதான்.

குத்தகை எடுத்தவர் இறந்தால், ஒப்பந்தத்தில் வாரிசு பற்றித் தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய, குத்தகையும் அவரோடு முடிந்துவிடும். 12 வருஷம்தான் ஆகியிருக்கிறது, இன்னும் 18 வருஷம் பாக்கி என்ற கணக்கெல்லாம் மனைவிக்கு உதவாது. ஒப்பந்தத்தில் மனைவி பெயரையும் குத்தகைதாரராகச் சேர்த்திருந்தால் அவர் தப்பித்தார்.

ஃப்ளாட் என்றால் வாரிசுக்குப் போகும். ஆனால் வாரிசும் வெளிநாட்டவர், சட்டம் கேட்கும் தகுதி அவருக்கு இல்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் விற்க வேண்டும். அவசரமாக விற்கிறார்கள் என்று தெரிந்தால் வாங்குகிறவர் என்ன விலை கேட்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த 8 லட்சம் பாட்? கணவர் பெயரில் மட்டும் இருந்தால், நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும்வரை வங்கி அதை முடக்கி வைக்கும். மனைவியின் விசா கணவரின் விசாவை ஒட்டியே இருந்திருந்தால் அதுவும் ஆட்டம் காணும். ஒரே வாரத்தில் ஆள் இல்லை, பணம் இல்லை, விசா இல்லை. தாய்லாந்துச் சொத்துக்கென்று தனியாக உயில் எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

'அப்போ வாடகைக்கே இருந்துடலாமே' என்று தோன்றுகிறதா? அங்கே நீண்ட நாள் இருக்கும் பலரின் முடிவும் அதுதான். குறைந்தது ஒரு வருஷமாவது வாடகைக்கு இருந்து பார்த்துவிடுவது நல்லது. டிசம்பரில் சியாங் மாயைப் பார்த்து மயங்கியவர்கள், வயல்களையும் காடுகளையும் எரிக்கும் பிப்ரவரி - ஏப்ரல் புகையில் மூச்சு விட முடியாமல் திணறுவதும் நடக்கிறது.

நாம் வாங்க நினைத்தால்?

இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டில் வீடு வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். பதற வேண்டாம், வருமான வரி தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அவ்வளவு பணம் கையில் இருக்காது, பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு ஒவ்வொரு ஆண்டும் வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியில் அந்த வீட்டைக் காட்ட வேண்டும். வாடகை வரவில்லை, பூட்டித்தான் கிடக்கிறது என்றாலும் காட்ட வேண்டும். விட்டுவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.