கையளவு டப்பா... கார்ட்டூன் சாதம்... ஜப்பான் வாண்டுகளுக்கு 'பென்டோ' கட்டுவது எப்படி?

டோக்கியோ:

டப்பா என்னவோ கைக்குள் அடங்குகிற சைஸ்தான். ஆனால் அதை நிரப்புவதற்குள் ஜப்பான் அம்மாக்கள் படுகிற பாடு இருக்கிறதே... அப்பப்பா!

நம்ம ஊரில் ஸ்கூலுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற மாதிரி, ஜப்பானில் கட்டும் மதிய சாப்பாட்டுக்கு 'பென்டோ' என்று பெயர். மரியாதையாக 'ஒபென்டோ' என்பார்கள். சாதத்தில் கரடி முகம், முட்டையில் இதயம், சாசேஜில் ஆக்டோபஸ் என்று கலர் கலராக போட்டோ பார்த்திருப்பீர்கள். அந்த கார்ட்டூன் ரகத்துக்கு 'கியாராபென்' என்று தனிப்பெயரே உண்டு. போட்டோவில் தெரியாத விஷயம்தான் முக்கியமானது. 3 வயது குழந்தை அதை தானே திறந்து, தானே சாப்பிட்டு, தொண்டையில் சிக்காமல், வயிறு கெடாமல் காலி டப்பாவோடு வீட்டுக்கு வரவேண்டும். அலங்காரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

யாருக்கு பென்டோ?

ஜப்பானில் எல்லா குழந்தைக்கும் தினமும் பென்டோ கிடையாது. வேலைக்கு போகும் பெற்றோரின் குழந்தைகள் போகும் 'ஹொய்குயென்' காப்பகங்களில் சமைத்த சாப்பாடு அங்கேயே கிடைத்துவிடும். தொடக்கப்பள்ளியிலும் 'கியூஷொக்கு' என்ற மதிய உணவு உண்டு. இதற்காக 1954-ம் ஆண்டே தனி சட்டம் போட்டுவிட்டார்கள்.

நடுவில் மாட்டிக்கொள்வது 'யோச்சியென்' எனப்படும் மழலையர் பள்ளி. 3 வயதில் சேர்ந்து 6 வயதில் வெளியே வரும் வாண்டுகள் இங்கேதான் படிக்கிறார்கள். வாரத்தில் இத்தனை நாள் பென்டோ என்று பள்ளிக்கு பள்ளி கணக்கு மாறும். சில இடங்களில் தினமும் கட்ட வேண்டும். இப்போது பல யோச்சியென்களிலும் சாப்பாடு போடுகிறார்கள். இருந்தாலும் சுற்றுலா நாள், விளையாட்டு விழா நாள் என்றால் வீட்டு பென்டோதான்.

2019 அக்டோபரில் இருந்து 3 வயது முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் சாப்பாட்டு செலவு மட்டும் பெற்றோர் தலையில்தான்.

டப்பா எவ்வளவு பெருசு?

இந்த வயதுக்கு 270 மில்லி முதல் 360 மில்லி வரை பிடிக்கும் டப்பா போதும் என்பது வழக்கம். டீ டம்ளர் இரண்டு சேர்ந்தால் அவ்வளவுதான்! சாதம் 3 பங்கு, காய்கறி 2 பங்கு, முட்டை, மீன், இறைச்சி மாதிரி ஐட்டம் 1 பங்கு. இந்த கணக்கில் நெருக்கமாக அடைத்தால் டப்பாவின் மில்லியும் உள்ளே இருக்கும் கலோரியும் ஏறக்குறைய ஒன்றாக வரும். 300 மில்லி டப்பா என்றால் சுமார் 300 கலோரி.

"பாவம், பசிக்குமே" என்று பெரிய டப்பா வாங்கினால் கதை கந்தல். மீதி வைத்துவிட்டு வரும். முதல் மாதம் டப்பா நிறைய கூட கட்ட வேண்டாம், குழந்தைக்கு பிடித்ததை மட்டும் கொஞ்சமாக வையுங்கள் என்று பள்ளிகளிலேயே சொல்வார்கள். "எல்லாத்தையும் சாப்பிட்டுட்டேன்" என்று பிள்ளை மார்தட்டி சொல்வதுதான் அங்கே முதல் பாடம்.

வாங்கும்போது மூடியை குழந்தை கையில் கொடுத்து திறக்க சொல்லி பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளிப் போட்ட டைட்டான மூடி பெரியவர்களுக்கு சரி, பிஞ்சு விரலுக்கு சரிப்படாது. குளிர்காலத்தில் டப்பாக்களை சூடு பெட்டியில் வைத்து வெதுவெதுப்பாக கொடுக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே அலுமினிய டப்பாதான் செல்லும். பிளாஸ்டிக் வாங்கிவிட்டு முழிக்கக்கூடாது.

உள்ளே என்ன?

ஜப்பான் அரிசி குட்டையாக, ஒட்டும் ரகம். அதனால் உருண்டை பிடிக்க வரும். அந்த உருண்டைக்கு பெயர் ஒனிகிரி. குழந்தைக்கு என்றால் ஒரே வாயில் கடிக்கிற சைஸில் குட்டி குட்டியாக பிடிப்பார்கள். மேலே சுற்றும் நோரி என்ற கடல்பாசி தாள் வாயில் ஒட்டிக்கொண்டு இழுத்தால் வராது. அதனால் கத்தரியால் சின்ன சின்னதாக வெட்டி ஒட்டுவார்கள். கரடிக்கு கண் மூக்கு வைப்பதும் இதே நோரியில்தான்.

அடுத்து தமாகோயாகி. முட்டையை கொஞ்சம் சர்க்கரை, சோயா சாஸ் போட்டு அடித்து, சதுர தோசைக்கல் மாதிரி இருக்கும் வாணலியில் மெல்லிசாக ஊற்றி சுருட்ட வேண்டும். மறுபடி ஊற்றி மறுபடி சுருட்ட வேண்டும். ஆறியதும் ஒரு துண்டை குறுக்காக சாய்த்து வெட்டி, ஒரு பாதியை திருப்பி ஒட்டினால் இதயம் ரெடி! சாசேஜின் கீழ்ப்பாதியை கத்தியால் கீறி விட்டு வாணலியில் போட்டால் கீறிய இடம் எல்லாம் சுருண்டு ஆக்டோபஸ் கால் ஆகிவிடும். இரண்டுமே அதிக நேரம் பிடிக்காத வேலை. பார்க்கிற குழந்தைக்கு குஷி. கார்ட்டூன் முகம் வரைய தெரியாத அம்மாக்களுக்கு இந்த இரண்டு போதும்.

அடுக்குவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சாதம், அப்புறம் பெரிய ஐட்டம், கடைசியில் வேகவைத்த பிராக்கோலி, கேரட்டை வைத்து சந்து பொந்தை அடைக்க வேண்டும். இடைவெளி விட்டால் குழந்தை பையை ஆட்டிக்கொண்டே போய் சேருவதற்குள் கரடி முகம் கந்தல் ஆகிவிடும்.

தொண்டையில் சிக்கினால்...

இங்கேதான் விளையாட்டு இல்லை. 2020-ம் ஆண்டு செப்டம்பரில் டோக்கியோ அருகே ஹச்சியோஜி நகரில், யோச்சியென் ஒன்றில் மதிய சாப்பாட்டில் கொடுத்த 'பியோனே' என்ற பெரிய ரக திராட்சை தொண்டையில் அடைத்து 4 வயது சிறுவன் இறந்துபோனான். அதே ஆண்டு பிப்ரவரியில் மாட்சுயே நகரில் பண்டிகைக்கு கொடுத்த வறுத்த சோயா பருப்பு இன்னொரு 4 வயது சிறுவனின் உயிரை குடித்தது. 2024 பிப்ரவரியில் புகுவோகா மாகாணம் மியாமா நகரில் ஒன்றாம் வகுப்பு மாணவன் பள்ளி சாப்பாட்டில் இருந்த காடை முட்டை சிக்கி பலியானான்.

மூன்றுக்கும் ஒரே காரணம்தான். உருண்டையாக, வழவழப்பாக அல்லது கடினமாக இருக்கும் பொருள் பல்லுக்கு சிக்காமல் நழுவி மூச்சுக்குழாயை அடைத்துவிடுகிறது. சின்ன குழந்தைகளுக்கு மென்று அரைக்கும் பலம் போதாது. இருமி வெளியே தள்ளவும் சக்தி குறைவு.

5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு கடினமான பருப்பு, நட்ஸ் வகைகளை கொடுக்கவே வேண்டாம் என்று ஜப்பான் நுகர்வோர் விவகார முகமை 2021 ஜனவரியில் எச்சரித்தது. திராட்சை, குட்டி தக்காளியை நான்காக வெட்ட வேண்டும் என்பதும் அறிவுரை. சாசேஜை வட்டம் வட்டமாக நறுக்குவதும் தப்பு. நீளவாக்கில் பிளக்க வேண்டும். ஆக்டோபஸும் இதற்கு விதிவிலக்கு இல்லை. தலையோடு சேர்த்து இரண்டாக பிளந்து அரை ஆக்டோபஸாக வைப்பதுதான் பத்திரம். அழகுக்கு குத்தி வைக்கும் பொம்மை குச்சிகளை பல பள்ளிகள் அனுமதிப்பது இல்லை.

சூடாக மூடாதீங்க!

நம்ம ஊர் அம்மாக்கள் சூடாக கட்டிக்கொடுத்தால்தான் திருப்தி அடைவார்கள். ஜப்பானில் நேர்மாறு. சாதமும் மற்ற ஐட்டமும் நன்றாக ஆறிய பிறகுதான் மூடி போட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி தண்ணீராகி உள்ளே சொட்டும். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் கிருமிக்கு கொண்டாட்டம். 20 டிகிரிக்கு மேல் போனாலே கிருமிகள் சுறுசுறுப்பாகிவிடும். 35 முதல் 40 டிகிரியில் மளமளவென பெருகும்.

ஒனிகிரியை வெறும் கையால் பிடிப்பதும் கூடாது. கையில் இருக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமி சாதத்தில் ஏறி விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வைத்து பிடித்தால் தொல்லை இல்லை. முட்டையை முழுசாக வேகவிட வேண்டும். தக்காளி காம்பை கிள்ளிவிட்டு கழுவ வேண்டும். வெட்டிய தக்காளி நீர் விடும் என்பதால் கோடையில் அதை விட்டுவிடுவதே மேல். நம்ம ஊர் உப்பு நார்த்தங்காய் மாதிரி புளிப்பும் உப்புமாக இருக்கும் உமேபோஷியை நடுவில் வைத்தால் சாதம் கெடாது என்று பழைய நம்பிக்கை. அது ஒட்டி இருக்கிற இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். கோடையில் ஐஸ் பேக் வைத்து கட்டுவதுதான் வழி.

அவசர காலத்துக்கு கடைகளில் பென்டோவுக்கு என்றே பிரீசர் ஐட்டங்கள் கிடைக்கின்றன. 'தானாக உருகும்' என்று அட்டையில் போட்ட ரகத்தை அப்படியே வைக்கலாம், மதியத்துக்குள் சரியாகிவிடும். அப்படி போடாததை சூடு பண்ணி, ஆற வைத்துத்தான் வைக்க வேண்டும்.

அம்மாவுக்கு மார்க்?

டப்பாவை குழந்தை திறக்கும்போது டீச்சர் பார்க்கிறார், பக்கத்து குழந்தை பார்க்கிறது. இதனால் வரும் டென்ஷன் பற்றி அமெரிக்க மானுடவியலாளர் ஆன் அலிசன் 1991-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மகன் ஜப்பானில் மழலையர் பள்ளிக்கு போனவன். டப்பா காலியாவதில் டீச்சருக்கு எவ்வளவு அக்கறை என்பதை நேரில் பார்த்த அவர், பென்டோ மூலமாக குழந்தையோடு சேர்த்து அம்மாவும் எடை போடப்படுகிறார் என்று சொன்னார்.

குழந்தைகளுக்குள் போட்டி, பொறாமை வருகிறது என்று கியாராபென்னே வேண்டாம் என்று சொல்லும் பள்ளிகளும் ஜப்பானில் இருக்கின்றன. அதுவும் நியாயம்தான். கரடிக்கு மூக்கு வைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அப்பாக்களும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து முட்டையை சுருட்டினால் பாதி டென்ஷன் குறையும்.

தமிழ் அம்மாக்கள் கவனிக்க...

டோக்கியோவின் எடோகாவா பகுதியில் உள்ள நிஷி-கசாயில் இந்திய குடும்பங்கள் அதிகம். ஐ.டி. வேலைக்கு போன தமிழர்களும் இருக்கிறார்கள். சைவ குடும்பம் என்றால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். சாதத்தில் தூவும் 'புரிகாகே' பொடியில் பெரும்பாலும் காய்ந்த மீன் துருவல் இருக்கும். ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கலாம். அட்டையை படித்துவிட்டு வாங்குவது நல்லது. சாம்பார், ரசம் எல்லாம் இந்த டப்பாவுக்கு ஒத்துவராது, பையெல்லாம் ஒழுகிவிடும். கெட்டியாக கிளறிய எலுமிச்சை சாதம், தண்ணீர் இல்லாத பொரியல், சப்பாத்தி சுருள் என்றால் பிரச்சினை இல்லை. பொன்னி அரிசி உருண்டை பிடிக்க வராது என்பதால் ஸ்பூன் ஒன்றை மறக்காமல் வைக்க வேண்டும்.

தொடக்கப்பள்ளியில் சேர்ந்ததும் தினசரி பென்டோவுக்கு லீவு விட்டுவிடலாம். நிம்மதி என்று நினைத்தால் அதுவும் கொஞ்ச காலம்தான். பையன் ஹைஸ்கூல் போனதும் பெரும்பாலான பள்ளிகளில் மதிய சாப்பாடு கிடையாது. மறுபடி அதிகாலை அலாரம். அப்போது வாங்க வேண்டிய டப்பா 800 மில்லி!