பத்து ரூபாய் பாடம்
எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி எங்க எடப்புளி நாட்டுக்கு வாங்க. கண்ணுக்குக் காடும் மலையும் விருந்து. காலுக்கோ உடைஞ்ச பாட்டில்! கண்ணாடி மக்காது. குடிச்சவர் போயிடுவார், வெறுங்காலோடு வயலுக்குப் போறவங்களைத்தான் குத்தும்.

சரக்கை விற்றது யார்? அரசு நிறுவனமான டாஸ்மாக். அப்படின்னா காலி பாட்டிலுக்கும் அதுதானே பொறுப்பு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால், 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையில் கொடுத்தால் அது வாபஸ். பழைய சோடா பாட்டில் டெபாசிட் கணக்குதான்! குடித்தவர் எறிந்தாலும், பத்து ரூபாய்க்காக இன்னொருவர் பொறுக்கி வருவார்.

மரம் நடு விழா மட்டும் போதாது, தோழர்களே. விற்றதைத் திரும்ப வாங்குவதே ஒரு அரசு நிறுவனத்தின் உண்மையான பசுமை.