ஒரு மடிக்கணினி, மூன்று திரைகள்

நேரு பிளேஸில் கிடைக்காத கணினிச் சாமான் இல்லை என்பது தில்லிவாசிகளான நம் எல்லோருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் நானும் அங்கே போய், 400 ரூபாய்க்கு ஒரு சிறிய பெட்டி வாங்கி வந்தேன். மடிக்கணினியிலிருந்து ஒரு கேபிள் உள்ளே போகும். இரண்டு கேபிள்கள் வெளியே வந்து இரண்டு மானிட்டர்களுக்குப் போகும்.

ஓய்வு பெற்றபின் மொழிபெயர்ப்பு வேலை செய்து வருகிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்தைப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிறது. பெரிதாக்கினால் 14 அங்குலத் திரையில் மூலம் மட்டுமே தெரியும், தமிழாக்கம் மறைந்துவிடும். மாற்றி மாற்றிப் பார்த்ததில், ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரியே விட்டுப் போய்விட்டது. இன்னொரு தடவை அப்படி நேர்ந்தால் வேலை தரமாட்டார்கள்.

பெட்டியைப் பொருத்தினேன். இரண்டு மானிட்டர்களிலும் ஒரே படம்! அமைப்புகளில் எதை மாற்றியும் பயனில்லை.

அக்கா மகன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இது ஸ்ப்ளிட்டர். ஒரே படத்தை ரெண்டு இடத்துல காட்டும், அவ்வளவுதான். கல்யாண மண்டபத்துக்கு லாயக்கு."

அவன் சொல்லித்தான் தெரிந்தது: கேபிள் வாங்குமுன் மடிக்கணினி எத்தனை வெளித்திரைகளைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. 2020இல் எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் தாங்கும். 2024இன் எம்3 ஏர் இரண்டைத் தாங்கும், ஆனால் மூடியைச் சாத்தி வைக்க வேண்டும். 2025இன் எம்4 ஏரில்தான் அந்த நிபந்தனை போயிற்று.

அடுத்தது துளை. யு.எஸ்.பி-சி துளைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், சில மின்னேற்றத்துக்கும் கோப்பு மாற்றவும் மட்டுமே உதவும். படமும் அனுப்பக்கூடியது என்றால் பெரும்பாலும் பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கும். குறி இல்லாவிட்டால் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

படம் அனுப்பும் துளையே போதாதவர்களுக்கு டிஸ்ப்ளேலிங்க் என்ற வழி உண்டு. படத்தைச் சுருக்கி, சாதாரண யு.எஸ்.பி. வழியே அனுப்புகிறது. அதற்கென்று ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். வேகமான விளையாட்டுகளுக்கு ஏற்றதல்ல; என்னைப்போல் எழுத்தோடு மல்லுக்கட்டுபவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

எனக்கு அதுவும் தேவைப்படவில்லை. என் மடிக்கணினியில் ஓர் எச்.டி.எம்.ஐ. துளையும், படம் அனுப்பும் யு.எஸ்.பி-சி துளையும் வாங்கிய நாள் முதலே இருந்திருக்கின்றன! ஆளுக்கொரு கேபிள் போட்டு, விண்டோஸ் விசையோடு 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுத்தான். ஒன்றில் மூலம், ஒன்றில் தமிழாக்கம், மடியிலிருப்பதில் அகராதி.

முதல் நாள் மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால் அம்பு இடப்பக்கத் திரையில் போய் நின்றது. டிஸ்ப்ளே அமைப்பில் எண்ணிட்ட கட்டங்களை, மேசையில் திரைகள் இருக்கும் வரிசைப்படி இழுத்து வைத்ததும் சரியாயிற்று. 400 ரூபாய்ப் பெட்டியைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். பொங்கல் விழாவன்று மேடைத் திரையிலும் வெளியே சாப்பாட்டுப் பந்தலிலும் ஒரே காட்சி தெரிய வேண்டுமே!