ஓய்வு நாளும் ஊர் ஆடுகளமும்

நுழையும்முன்

விளையாட்டு என்றதும் வெற்றியும் பதக்கமும் நினைவுக்கு வருகின்றன. ஆயின், ஆடுவதற்கும் ஆட்டத்தைக் கண்டு மகிழ்வதற்கும் முதலில் வேண்டப்படுவது ஓய்வுப்பொழுது. அந்தப் பொழுது எல்லார்க்கும் எளிதில் வாய்த்துவிடவில்லை. உழைக்கும் மக்கள் வாழும் ஓர் ஊரின் வார இறுதியை முன்வைத்து, ஓய்வு, உறவு, விளையாட்டு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஊர் திரும்பும் சனிக்கிழமை

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்குத் தெற்கேயும் கோவில்பட்டிக்கு வடக்கேயும் அமைந்துள்ள ஊர் ஏழாயிரம்பண்ணை. கட்டபொம்மன் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாக விளங்கிய இவ்வூர், 1799ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டது. சுற்றிலும் கரிசல் நிலம். மழையை நம்பிய வேளாண்மை. வானம் பொய்த்த ஆண்டுகளில் இப்பகுதி மக்களுக்குக் கைகொடுத்தவை தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலுமே ஆகும்.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். 1923ஆம் ஆண்டளவில் சிவகாசியில் அத்தொழில் தொடங்கியது. பயிருக்குப் பகையான வறண்ட வெயில், மருந்து தோய்த்த குச்சிகளையும் திரிகளையும் உலர்த்துவதற்குத் துணையாயிற்று. காலப்போக்கில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களெங்கும் பட்டாசு ஆலைகள் பெருகின.

இத்தொழிலில் செய்துமுடித்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவோர் பலர். கை ஓய்ந்தால் கூலி குறையும். மழை பெய்தால் உலர்த்தும் வேலை நின்றுவிடும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலைச்சுமை ஏறும். ஆகவே, இப்பகுதியில் ஒரு நாள் ஓய்வென்பது கணக்குப் பார்த்து எடுக்கப்படுவது.

சனிக்கிழமை மாலையில் ஊரின் முகம் மாறுகிறது. ஆலைக்குச் சென்றோர் வீடு திரும்புகின்றனர். திருப்பூர், கோயம்புத்தூர், மதுரை, சென்னை எனப் பிழைப்புக்காகச் சென்றவர்களுள் விடுப்புக் கிடைத்தோர் இரவுப் பேருந்தில் வந்து இறங்குகின்றனர். அவர்களை எதிர்பார்த்திருக்கும் வீட்டாருக்கு அனைவரையும் ஒருங்கே காண்பதே பெரிய ஆறுதல். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அருகிலுள்ள அச்சங்குளத்தில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய துயரங்களை அறிந்த வட்டாரத்தில், குடும்பம் முழுமையாகக் கூடியிருக்கும் மாலைப்பொழுதின் மதிப்பு தனியானது.

ஓய்வு நாளின் வரலாறு

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இயல்பாக அமைந்த ஒன்றெனப் பலரும் எண்ணுகின்றனர். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அதனைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. நாராயண் மேகாஜி லோகண்டே என்னும் தொழிலாளர் தலைவரின் தொடர் முயற்சியால் 1890ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை உரிமையாளர்கள் வார விடுமுறைக்கு இசைந்தனர். விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்தின் முதல் நாளை ஓய்வு நாளாக உறுதிசெய்தது. அந்நாளில் வேலை வாங்கினால், அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாள்களுள் மாற்று விடுமுறை தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. ஆயினும் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுவோருக்கும், திரி சுற்றுவோருக்கும் அச்சட்டத்தின் காவல் எளிதில் எட்டவில்லை.

ஆடுகளத்தில் இல்லாத சிறுவர்கள்

பெரியவர்களின் ஓய்வைவிடப் பெரிய வினா ஒன்று இப்பகுதியை நெடுங்காலம் உறுத்திக்கொண்டிருந்தது. அது சிறுவர்களின் விளையாட்டைப் பற்றியது. 1980களில் விடியுமுன்பே ஆலை வண்டிகள் ஊர் ஊராகச் சென்று சிறுவர் சிறுமியரை வேலைக்கு ஏற்றிச் சென்றன. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதுமாக அவர்களின் பகல் கழிந்தது. இருட்டியபின் வீடு திரும்பிய பிள்ளைகளுக்கு உண்பதும் உறங்குவதுமே எஞ்சின. பள்ளியின் வருகைப்பதிவில் அவர்கள் இல்லாதது போலவே, ஊர்த் திடலிலும் அவர்கள் இல்லை.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இந்நிலையை மாற்றும் முதற்படிகளுள் ஒன்றாக அமைந்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவர்கள் ஈடுபடுத்தப்படுவது குறித்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் 20,000 ரூபாயை அக்குழந்தையின் நலநிதிக்கு முதலாளி செலுத்தவேண்டும் என அது ஆணையிட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 18 வயது நிறையாத எவரையும் வெடிபொருள் சார்ந்த ஆபத்தான தொழிலில் அமர்த்துதல் குற்றமாகும். பதினோராம் வகுப்பில் பயில்வோரின் வயதும் இந்த எல்லைக்குள் அடங்கியதே.

ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை எனக் கூறுகிறது. இந்தியா 1992இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. மாலை நேரத்தில் ஒரு சிறுவன் திடலில் ஓடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். அதன் பின்னே சட்டமும் நீதியும் பல்லாண்டு முயற்சியும் நிற்கின்றன.

மூச்சுப் பிடிக்கும் ஆட்டம்

தென்மாவட்ட ஊர்களில் பொங்கல் நாள்களிலும் கோயில் கொடை விழாவின்போதும் மின்னொளிக் கபடிப் போட்டிகள் நடைபெறுவது வழக்கம். முற்காலத்தில் சடுகுடு என வழங்கிய இவ்விளையாட்டுக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. கல் பொறுக்கிப் பதப்படுத்திய மண்தரையும், சுண்ணாம்புக் கோடும், பக்கத்துக்கு ஏழு பேரும் போதும். பொருள்வளம் குறைந்த ஊர்களிலும் இது வேரூன்றியதற்கு அந்த எளிமை ஒரு காரணமாகும்.

பாடிச் செல்பவர் ஒரே மூச்சில் ‘கபடி கபடி’ என்று சொல்லிக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் நுழைகிறார். 30 நொடிக்குள், மூச்சு அறுபடாமல், எதிரணியினரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பவேண்டும். தனியொருவராகச் செல்லும் அவரை ஏழு பேரும் வளைத்துப் பிடிக்க முயல்வர். பிடிபட்டவர் வெளியேறுகிறார். ஆனால், அவருடைய அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால், வெளியே இருப்பவர்களுள் ஒருவர் மீண்டும் களத்துக்கு வரலாம். வீழ்ந்தவனை அவனுடைய கூட்டாளிகள் மீட்டெடுக்கும் இந்த விதியே கபடியைக் கூட்டுறவின் விளையாட்டாக்குகிறது.

மண்தரையில் வளர்ந்த இவ்வாட்டம் 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது காட்சி விளையாட்டாக ஆடப்பட்டது. 1990இல் பெய்ஜிங்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்குரிய விளையாட்டாக இடம்பெற்றது.

உறவுகள் கூடும் களம்

ஊர்ப் போட்டியைக் காண்பதற்கும் தொலைக்காட்சியில் ஆட்டம் காண்பதற்கும் வேறுபாடு உண்டு. ஊர்த் திடலில் ஆடுபவர் யாருடைய மகன், யாருடைய பேரன் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். கோணிப்பையை விரித்து அமர்ந்திருக்கும் பாட்டி, ஆட்டத்தின் விதிகளை முற்றும் அறியாவிட்டாலும், பிடிபட்ட இளைஞனின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு அறிவார். வெளியூரிலிருந்து வந்த பேரனுக்கு அவர் ஆட்டத்தோடு உறவுமுறையையும் சேர்த்தே சொல்லித் தருகிறார்.

எதிரணி பெரும்பாலும் பக்கத்து ஊராகவே இருக்கும். பக்கத்து ஊரென்றால், பெண் கொடுத்த ஊராகவோ பெண் எடுத்த ஊராகவோ இருக்கக்கூடும். மாமன் ஓர் அணியிலும் மருமகன் மற்றோர் அணியிலும் நிற்கும்போது, பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் பெண் யாருக்காகக் கைதட்டுவது எனத் திகைப்பாள். மச்சான் முறையினரின் கேலிக்கும் அன்று குறைவிராது. ஆட்டம் முடிந்தபின் தோற்ற அணியினரும் அதே தெருவில், அதே உறவினர் வீட்டில் உண்கின்றனர். போட்டி பகையாகிவிடாமல் காக்கும் வேலியாக உறவு அமைகிறது.

மறுநாள் சிலர் கோவில்பட்டிக்குச் செல்வர். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அந்நகரம், ஹாக்கியின் மீது கொண்ட பற்றினால் ‘ஹாக்கிப்பட்டி’ என்றும் அழைக்கப்படுகிறது. கோடையில் அங்கு நடைபெறும் இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்திய ஹாக்கிப் போட்டியைக் காணச் சுற்றுப்புற மக்கள் கூடுகின்றனர். கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அங்குப் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றனர். பார்வையாளராகத் தந்தையின் தோளில் அமர்ந்து வரும் சிறுவனுக்கு, அக்களமும் எட்டக்கூடியதே என்னும் நம்பிக்கை அங்கே பிறக்கிறது.

பெண்களின் ஞாயிறு

தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு வகிக்கிறது. ஆனால், ஆலைக்கு விடுமுறையான நாளில் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கிறதா? வாரத் துணிகளைத் துவைத்தல், தண்ணீர் பிடித்தல், வந்திருக்கும் உறவினருக்குச் சமைத்தல் என வீட்டுவேலை குவிகிறது. மற்றவர்கள் திடலுக்குச் சென்றபின்னும் அடுப்படியில் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாளானால், அக்குடும்பம் முழுமையாக ஆட்டத்தைக் காணவில்லை என்பதே பொருள். வேலையைப் பகிர்ந்துகொண்டால்தான் விடுமுறையும் பகிரப்படும்.

பெண்கள் பார்வையாளராக மட்டும் நின்றுவிட வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டு முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் கபடியும் இடம்பெறுகிறது. முதல் தங்கத்தை இந்திய மகளிரே வென்றனர். சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, 2025இல் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். மாலையில் ஒரு மணி நேரம் திடல் சிறுமியருக்கும் கிடைக்குமானால், இத்தகைய பெயர்கள் இன்னும் பல ஊர்களிலிருந்து எழும்.

நிறைவாக

ஞாயிறு இரவு மீண்டும் பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் சேர்கிறது. மகனின் பையில் முறுக்கும் ஊறுகாயும் ஏறுகின்றன. அடுத்த போட்டியின் நாளும் சொல்லி அனுப்பப்படுகிறது. மறுநாள் காலை ஊர் மீண்டும் ஆலைக்குச் செல்லும். சிறுவர்கள் பள்ளிக்குச் செல்வர். ஒரு நாள் ஓய்வும், ஒரு துண்டு நிலமும், கூடிப் பார்க்க உறவும் இருந்தால், உழைப்பின் களைப்பை ஓர் ஊர் தாங்கிக்கொள்ளும். அவ்வோய்வை எல்லார்க்கும் உரியதாக்குவதும், ஊர்த் திடலை அடுத்த தலைமுறைக்குக் காத்துத் தருவதும் ஒவ்வொருவரின் கடமையாகும்.