எந்த ஐரிஸை வைத்துக்கொள்வது?

ஐரிஸ் பூவை நம்மில் பலர் படங்களில்தான் கண்டிருப்போம். பிரியாணியில் இடும் குங்குமப்பூவும், மண்டப அலங்காரங்களில் காணும் கிளடியோலஸும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐரிஸில் பல இனங்கள் உண்டு. நான் எழுதப்போவது தாடி ஐரிஸ் பற்றி. மூன்று இதழ்கள் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். மூன்று கீழே தொங்கும். தொங்கும் ஒவ்வோர் இதழின் நடுவிலும் மயிர்க்கொட்டி ஊர்வதுபோல் ஒரு மயிர்வரிசை இருக்கும். அதுதான் தாடி. ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் இச்செடி ஒழுங்காகப் பூக்கும் என்பதால், நமது கரையோர ஊர்களில் இதை எதிர்பார்க்க முடியாது.

மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜுக்கு அருகே சாச்சியின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் இதனை நான் அறிந்தேன். நகர சபை குத்தகைக்குக் கொடுக்கும் சிறிய தோட்டத்துண்டு ஒன்று சாச்சியிடம் இருந்தது. அதில் பாதி மரக்கறி, மீதி ஐரிஸ். சாச்சி பூவை ரசிப்பவர் மட்டுமல்ல, புதிய ஐரிஸ்களை உண்டாக்குபவர். ஒரு பூவின் மகரந்தக்கூட்டைச் சாவணத்தால் எடுத்து, இன்னொரு பூவின் குறியில் தேய்ப்பார். ஆகஸ்ட் அளவில் காய் முற்றும். விதையை இலையுதிர் காலத்தில் விதைத்தால், குளிர் முடிந்து வசந்தத்தில் முளைக்கும். முதற்பூவைக் காணப் பெரும்பாலும் இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அவ்வாறு காத்திருந்து ஜூன் மாதத்தில் பூத்தவை 86 செடிகள். அத்தனைக்கும் அங்கே இடமில்லை. ஒரு செடிக்கு ஓரடி, ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு கிழங்கு பெரிய கொத்தாகிவிடும். ஆகவே பத்துப் பன்னிரண்டை வைத்துக்கொண்டு ஏனையவற்றைப் பிடுங்க வேண்டும்.

கேட்பதற்கு இது சாதாரண களையெடுப்புப் போலத் தோன்றலாம். ஆனால் உயிரியல் படிக்கும் தங்கைமாருக்கு ஒரு விடயம் உடனே விளங்கும். ஒரே காயின் விதைகள் என்றாலும், ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல ஒவ்வொன்றும் வேறு. தாய் ஊதா, தந்தை மஞ்சள் என்றால் பிள்ளைகளில் வெள்ளை, செம்பழுப்பு, புகைநீலம் என்று என்னென்னவோ வரும். இன்று பிடுங்கி எறியும் செடியைப் போன்ற இன்னொன்று உலகில் எங்கும் இல்லை. அதே இரு செடிகளை மீண்டும் கலந்தாலும் அதுவே திரும்ப வராது. மறுபுறம், வைத்துக்கொள்ளும் செடியின் வேர்த்தண்டுக்கிழங்கைப் பிரித்துப் பிரித்து நட்டால், அச்செடியே நூறாகவும் ஆயிரமாகவும் பெருகும். ஒன்று முற்றாக இல்லாமல் போகிறது. மற்றது கடல் கடந்தும் போகலாம். இரண்டையும் தீர்மானிப்பது மண்வெட்டியோடு நிற்கும் ஒருவர்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டத் தொடங்கினேன். சாச்சி விடவில்லை. “பேர் வெச்சா புடுங்க மனசு வராது புள்ள, நம்பரோட வெச்சிக்க” என்றார். பெரிய வளர்ப்பாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். கலப்புச் செய்த ஆண்டு, கலப்பின் இலக்கம், பிள்ளைக்கு ஓர் எழுத்து; அவ்வளவுதான். தேறிப் பதிவு செய்யப்படும் செடிக்கே பெயர்.

தெரிவு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நிறத்தை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள் என நான் நினைத்திருந்தேன். சாச்சியோ முதலில் தண்டைத்தான் பார்த்தார். ஒரு பூ ஏறத்தாழ மூன்று நாள்தான் நிற்கும். தண்டில் மூன்று மொட்டு மட்டும் என்றால் ஒரு கிழமையோடு அவ்வருடக் காட்சி முடிந்தது. ஏழு, எட்டு மொட்டுகள் இருந்து, அவை ஒன்றன்பின் ஒன்றாக விரிய வேண்டும். கிளைகள் தண்டைவிட்டு விலகி நிற்கவும் வேண்டும். உச்சியில் எல்லாம் நெருங்கிக் கிடந்தால் ஒரு பூ மற்றதை நசுக்கிவிடும். இதழ் தடிப்பாக இருக்கிறதா என்பது அடுத்தது. இதைச் சோதிக்க எளிய வழி, இரவு மழை பெய்த மறுநாள் காலை தோட்டத்துக்குப் போவதுதான். முந்தைய நாள் இளவரசிபோல் நின்ற பூக்கள் சில நனைந்த கைக்குட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் திரும்பிப் பாராத ஒரு மங்கல் ஊதா அப்படியே நின்றது.

அடுத்து வருவது மண்ணுக்குள் பார்க்கும் சோதனை. இதை விளக்க நமக்கு வாழை போதும். குலை தள்ளிய வாழை மறுபடி குலை தள்ளாது. பக்கத்தில் குட்டி இருந்தால்தான் அந்த வாழைக்கு எதிர்காலம். ஐரிஸ் கிழங்கும் அதுபோலத்தான். ஒரு முறை பூத்த கிழங்கு திரும்பப் பூக்காது. பக்கங்களில் முளைக்கும் புதிய கிழங்குகளே அடுத்த வருடம் பூக்க வேண்டும். சில செடிகள் தம் பலத்தையெல்லாம் பூவிலேயே செலவழித்து, பக்கமுளை ஒன்றும் இல்லாமல் நிற்கும். அவை அத்தோடு முடிந்துவிடும். எனவே பூவைப் பார்த்த கையோடு குனிந்து, கிழங்கின் ஓரத்து மண்ணை விரலால் விலக்கி முளைகளை எண்ண வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வெளிர்நீல இதழும் செம்மஞ்சள் தாடியும் கொண்ட ஒரு செடி. 86இல் அதுதான் அழகு என்பதைச் சாச்சியும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதன் இலையடி மென்மையாகி, கிழங்கிலிருந்து ஒரு துர்நாற்றம் வந்தது. பற்றீரியாவால் வரும் மென்னழுகல் நோய் அது. பக்கத்துச் செடிகளுக்கு அந்நோய் அவ்வளவாக வரவில்லை என்பதால், இச்செடிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பது சாச்சியின் கணிப்பு. இன்னும் ஒரு வருடம் பார்ப்போமே என்று கெஞ்சினேன். “இதுட புள்ளைகளுக்கும் இதே வருத்தம்தான் வரும். வேற ஆக்கள்ட தோட்டத்துக்கு நாம ஏன் இத அனுப்பணும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் இருக்கவில்லை. நானே பிடுங்கினேன்.

சுகமான ஆனால் சாதாரணமான செடிகள் அயலவர்களின் வேலியோரத்துக்குப் போயின. இலக்கம் எழுதிய அட்டையைச் சாச்சி ஒருபோதும் கூடக் கொடுப்பதில்லை. கழித்த செடி ஒன்று பெயரோடு உலவத் தொடங்கினால் பிறகு பெரும் குழப்பம்.

குறையுள்ள எல்லாவற்றையும் கழிக்க வேண்டும் என்றும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியராக இருந்த சேர் மைக்கல் பொஸ்டர் (1836–1907), துருக்கி முதலிய கீழைத் தேசங்களிலிருந்து பெரிய பூக்களையுடைய ஐரிஸ்களை வரவழைத்துக் கலப்புச் செய்தார். அவற்றின் நிறமூர்த்தங்கள் இரட்டித்தவை என்பது பின்னர்தான் தெரியவந்தது. அவரது குறிப்புகளால் பயனடைந்த டைக்ஸ் என்பவர் 1913இல் ஐரிஸ் இனங்கள் பற்றிப் பெரும் நூலொன்றை வெளியிட்டார். இன்று மிகச் சிறந்த ஐரிஸுக்குக் கிடைக்கும் பதக்கம் அவரது பெயரில்தான் உள்ளது. 1925இல் அவர் மரணித்தபின், அவரது தோட்டத்து மஞ்சள் ஐரிஸ் ஒன்று அவர் பெயருடன் அறிமுகமானது. பூ பெரிது, மஞ்சளும் நல்ல மஞ்சள். ஆனால் இதழில் ஊதாத் தெறிப்புகள் வரும். கண்டிப்பான ஒருவர் அதைக் கழித்திருப்பார். பின்னாளில் வந்த பெரிய மஞ்சள் ஐரிஸ்கள் பலவற்றுக்கு அது மூதாதையாயிற்று. சாச்சியின் பாத்தியிலும் தண்டு வளைந்த ஒரு செடி, நிறத்துக்காக மட்டும், தாய்ச்செடியாகத் தப்பியிருந்தது.

இத்தனை சோதனைகளையும் கேட்டபின், வளர்ப்பாளர் ஒருவருக்குச் சிறிதும் பயன்படாத ஓர் ஐரிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்பிகன்ஸ் எனப்படும் வெள்ளை ஐரிஸ் அது. யெமனும் சவூதி அரேபியாவும் அதன் தாயகம். அது மலடு, விதை தராது. எனவே கலப்புக்கு உதவாது. தானாகத் தூரம் பரவவும் இயலாது. ஆயினும் முஸ்லிம்கள் தம் கப்றுகளின் மேல் நடுவதற்காக அதன் கிழங்கைப் போகுமிடமெல்லாம் கொண்டுபோனார்கள். மத்தியதரைக் கடலோர மையவாடிகளில் அது பரவியது. ஸ்பெயினை அடைந்து, அங்கிருந்து ஸ்பானியரோடு மெக்சிகோவுக்கும் போனது. அமெரிக்காவின் தென்பகுதியில் பழைய அடக்கத்தலங்களில் இன்றும் பூக்கிறது. கஷ்மீரிலும் கப்றுகளின் மேல் நடும் ஐரிஸ் ஒன்று உண்டு, அது வேறு இனம்.

விதையே இல்லாத செடி கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் குனிந்து ஒரு துண்டுக் கிழங்கை உடைத்து இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறார். சாச்சியிடமும் அதில் ஒரு கொத்து இருந்தது. பாத்தியில் அல்ல, குளிர் படாத சுவரோரமாக, இலக்கம் எழுதாமல்.