நாய் கேட்பதும் பார்ப்பதும்

நாய்க்குட்டியை உட்காரப் பழக்குவது எளிது. மூக்கருகே பிடித்த தின்பண்டத்தைத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால், அதைத் தொடர்ந்து முகத்தை உயர்த்தும் குட்டி தானாகவே பின்புறத்தைத் தரையில் ஊன்றும். அக்கணமே தின்பண்டம் கிடைத்தால் அச்செயலை மீண்டும் செய்யும். நல்விளைவால் ஒரு செயல் பெருகுவதை உளவியலார் வலுவூட்டல் என்பர். பரிசு சில நொடிகள் பிந்தினாலோ, அதற்குள் எழுந்துவிட்ட குட்டிக்கு எழுந்ததற்கே பரிசு கிடைத்ததாகிவிடும். இதைத் தவிர்க்க, அமெரிக்க உளவியலார் பி. எஃப். ஸ்கின்னர், அழுத்தினால் ‘டிக்’கென ஒலிக்கும் சிறுவர் விளையாட்டுப் பொருளொன்றைப் பயன்படுத்தலாம் என்று 1951இல் எழுதினார். ஒலிக்குப் பின் உணவு வரும் என்று பழகிய விலங்குக்கு, சரியான கணத்தைச் சுட்டும் குறியாக அவ்வொலியே அமைகிறது.

இவ்வாறு பழகிய நாய் உண்மையில் எதைக் கற்றது என்பதே வியப்புக்குரியது. கட்டளையிடுபவர் தம் சொல்லை அது கற்றதாகக் கருதுகிறார். அதுவோ பெரும்பாலும் அவர் கை உயர்வதையும் தோள் சாய்வதையும் கற்றிருக்கிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டோ, தரையில் படுத்துக்கொண்டோ அதே சொல்லைச் சொன்னால், நன்கு பழகிய நாயும் திகைத்து நிற்பதுண்டு. பெர்லினில் கணக்குப் போடும் குதிரையெனப் புகழ்பெற்ற ஹான்ஸ், கேள்வி கேட்டவர் தம்மையறியாமல் தலையை அசைத்ததைக் கண்டே குளம்பால் தட்டுவதை நிறுத்தியது என்று 1907இல் ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் வெளிப்படுத்தியது இவ்வகைக் கூர்மையைத்தான். நாய்க்குச் சொல் விளங்காது என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்காவில் ஜான் பில்லி பழக்கிய சேசர் என்னும் பார்டர் கோலி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பெயரறிந்து எடுத்துவந்தது. ஆனால் சொல்லும் சைகையும் ஒருசேர வரும்போது நாய் சைகையையே பற்றிக்கொள்வதால், சொல்லை முதலில் சொல்லி, சற்றே நிறுத்தி, பிறகு கையை அசைத்தால்தான் சொல் பதியும்.

இந்த எளிய ஒழுங்கைப் பேணாதவர்களே பெரும்பாலும் நாயைத் திமிர் பிடித்ததென்று பழித்து, கழுத்தை இறுக்கும் சங்கிலியை வாங்கிவருகின்றனர். பலமுறை அழைத்த பின் தாமதமாக வந்த நாயை அடிப்பது அதனினும் பெரிய அறியாமை. ஓடியதற்கான தண்டனை என்று மனிதர் எண்ண, வந்ததற்கான தண்டனை என்று நாய் கற்கிறது. ‘வா’ என்னும் சொல் இவ்வாறு கெட்டுவிட்ட வீடுகளில், அதைத் திருத்த முயல்வதைவிட, வேறொரு சொல்லையோ சீழ்க்கையையோ தேர்ந்து, நீண்ட கயிற்றில் நாயைப் பிணைத்து, ஒவ்வொரு வருகைக்கும் உணவளித்து, முதலிலிருந்து பழக்குவதே எளிது.