பதிவேட்டில் இடம் இல்லாத கல்லறைகள்

கைவிடப்பட்ட கல்லறை என்றாலே வெள்ளைக்காரர் காலத்துத் தேவாலயமும் சிலுவை சாய்ந்த தோட்டமும்தான் நம் நினைவுக்கு வரும். அவையும் பாழடைந்தே கிடக்கின்றன. ஆனால் அவற்றுக்குப் பட்டியலாவது உண்டு. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் 1905-லேயே தொகுத்துவிட்டார். தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியர் கல்லறைகளைக் கவனிக்க பிரிட்டனில் 1976-ல் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. வடதமிழகத்துக் கல்வராயன் மலையில் உள்ள பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகளிலோ பெயரும் இல்லை, உரிமை கோர வாரிசும் இல்லை. வருவாய்க் கணக்கில் இப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் கல்லாங்குத்து, இல்லையென்றால் பாறைப் புறம்போக்கு. கல்லாங்குத்தில் கல் உடைக்க அனுமதி கேட்டு வருபவரை எந்தக் காரணம் சொல்லி அதிகாரி திருப்பி அனுப்புவார்? அழிவு கடப்பாரையில் தொடங்குவதாக நினைக்கிறோம். அதற்கு முன்பே பதிவேட்டில் தொடங்கிவிடுகிறது.

கல்திட்டை என்றால் நிறுத்திவைத்த பலகைக்கற்கள், மேலே ஒரு மூடுகல், சிலவற்றில் வட்டமாகக் குடைந்த இடுதுளை. வடதமிழகத்தில் இவற்றைக் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்பார்கள். புதையல் ஆசையில் மூடுகல்லைப் புரட்டுபவனுக்குக் கிடைப்பது கறுப்பு-சிவப்புப் பானை ஓடும் எலும்புத் துண்டும்தான். அவன் வீசியெறிவதுதான் வரலாற்றுக்கு வேண்டிய சரக்கு. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் ஓர் ஈமப்பேழைக் கரியின் காலம் கி.மு. 1692 என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்டது. அடுக்குக் கலைந்த குழியில் கிடைத்திருந்தால் அது வெறும் அடுப்புக்கரி.

ஆயிரக்கணக்கில் கிடப்பவற்றை எல்லாம் காக்க முடியுமா என்று கேட்கலாம். வேலி போட முடியாதுதான், எழுதிவைக்க முடியும். இதைவிடக் கனமான கேள்வி நிலத்தைப் பற்றியது. 1976-ல்தான் ஜாகீர்தார்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது கல்வராயன் மலை. பட்டாவுக்கு அலையும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குக் கல்லைக் காட்டி நிலத்தை மறுத்தால் அது அநியாயம். மத்திய அரசின் பாதுகாப்புச் சின்னமாக அறிவித்தால் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எல்லாக் கல்திட்டைக்கும் அந்த அறிவிப்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கல்திட்டை நிற்பது சில சென்ட் நிலத்தில். அதை மட்டும் உட்பிரிவு செய்து, கிராம நிர்வாக அலுவலரின் ‘அ’ பதிவேட்டில் ‘பழங்கால ஈமக்காடு’ என்று எழுதிவிட்டு, மீதிக்குப் பட்டா கொடுக்கலாம். குவாரிக்கு விண்ணப்பம் வரும் நாளில் தாசில்தார் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.